தரங்கம்பாடிக் கோட்டை 225 ஆண்டு நின்றது பீரங்கியாலா, வாடகையாலா?

கடற்காகம்:
போன வாரம் முதன்முறையாகத் தரங்கம்பாடிக்குப் போய்வந்தேன். கோட்டை என்றதும் வேலூர், செஞ்சி மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டு போனவனுக்கு முதலில் ஏமாற்றம்தான். முதன்மைக் கட்டடத்தின் நீளம் சுமார் 60 மீட்டர், அகலம் 11 மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தின் அளவு என்றுகூடச் சொல்லலாம். மாடியில் நடுக்கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் வாய் அடைத்தது. கூடத்தின் மையத்தில் ஒரே ஒரு தூண். அந்தத் தூணிலிருந்து நான்கு பக்கமும் ஒட்டகத் திமில் போலக் கூரை வளைந்து எழுகிறது. சன்னல் வழியே வரும் கடற்காற்று அந்த வளைவுகளில் மோதி ஒருவித முனகலாகக் கேட்கிறது.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். வடக்கே கடலூரில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். தெற்கே சில மைல் தூரத்தில் காரைக்கால், அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் முதலில் போர்த்துகீசியர், பிறகு ஒல்லாந்தர். எல்லோரும் ஒருவரை ஒருவர் அடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்த கரை இது. இதற்கு நடுவே இந்தச் சின்னக் கட்டடத்தை வைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி ஆட்கள் 1620 முதல் 1845 வரை எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? உள்ளே சுற்றிக்காட்டியவர் "டச்சுக்காரர்கள் பெரிய வீரர்கள் சார்" என்று முடித்துவிட்டார்.

பொறையாற்றான்:
முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன் தம்பி. டச்சுக்காரர் வேறு, டேனிஷ்காரர் வேறு. எங்கள் பக்கத்திலேயே பாதிப் பேர் இரண்டையும் குழப்புவார்கள். டச்சுக்காரர், அதாவது ஒல்லாந்தர், இருந்தது நாகப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க் நாட்டவர். கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் டேன்ஸ்போர்க்.

வீரம் பற்றி: அவர்கள் இந்த ஊரைப் போரிட்டுப் பிடிக்கவில்லை. வாடகைக்கு எடுத்தார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் 1620 நவம்பர் 19 அன்று ஒப்பந்தம் ஆனது. மன்னருக்காக வந்து முடித்தவர் ஓவ் யெத்தே என்ற கப்பல் தளபதி. கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் நாயக்கர் இடம் கொடுத்தார். அதற்கு ஆண்டுக்கு 3,111 ரூபாய் என்று கணக்கு. நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் கிளம்பியது இலங்கையைக் குறிவைத்து. கண்டி மன்னரோடு பேசித் திருகோணமலையில் கோட்டை எழுப்பத் தொடங்கியும் அது கைகூடவில்லை. முன்னதாக வந்த அவர்களுடைய ஒரு கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர் அடித்து நொறுக்கினார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவரும் அவருடைய ஆட்கள் சிலரும் நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். போர்த்துகீசியரை மட்டும் நம்பியிருக்க நாயக்கருக்கும் விருப்பமில்லை. இப்படி, கப்பல் உடைந்த கதையில்தான் தரங்கம்பாடியின் டேனிஷ் கதை ஆரம்பிக்கிறது.

ஓலைச்சுவடி:
ஐயா சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. "டேனிஷ் கதை ஆரம்பிக்கிறது" என்று அவர் கவனமாகச் சொன்னார். சுற்றுலாப் பலகைகளிலோ ஊரின் கதையே 1620இல் தொடங்குவதுபோல் இருக்கும். கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறதே, அது 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அந்தக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. பட்டினம் என்ற சொல் சும்மா வராது. டேனிஷ்காரருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது துறைமுக ஊர். நாயக்கர் வெறும் மணல்திட்டைக் கொடுக்கவில்லை. வணிகர் நடமாட்டம் உள்ள ஊரையே கொடுத்தார்.

வெண்முகில்:
அப்படியானால் "அலைகள் பாடும் இடம்" என்பது? தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது. பள்ளியில் ஆசிரியர் சொன்னது. அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

ஓலைச்சுவடி:
கெடுக்க மனமில்லை. ஆனால் பாடி என்பது ஊர்ப்பெயரில் குடியிருப்பைக் குறிக்கும் பழைய சொல். வேலப்பாடி, காட்டுப்பாடி எல்லாம் எதைப் பாடுகின்றன? சடங்கன்பாடி என்ற பெயர் வாய்வழியே தேய்ந்து தரங்கன்பாடியாகி, பிறகு யாரோ ஒரு புலவர் மனம் படைத்தவர் அதற்கு அலையைச் சேர்த்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. ஐரோப்பியர் வாயில் அது திராங்கேபார் ஆனது தனிக்கூத்து.

வெண்முகில்:
நான் அலையோடே இருந்துகொள்கிறேன்.

கடற்காகம்:
பெயர்ச்சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி இன்னும் நிற்கிறது. வாடகைக்காரர் என்றால் இன்னும் சிக்கல் அல்லவா? வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் சட்டி பானையை வெளியே தூக்கி வைத்துவிடுவாரே?

பொறையாற்றான்:
தூக்கி வைக்கத்தான் பார்த்தார்கள். இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1639க்குப் பிறகு முப்பது ஆண்டுகளில் டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்கள் மிகச் சொற்பம். தாய்நாடு ஐரோப்பியப் போர்களில் மூழ்கிக் கிடந்தது. ஸ்வீடனோடு மட்டும் இரண்டு பெரிய போர்கள். 1616இல் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியை 1650இல் கலைத்தேவிட்டார்கள். கோட்டையை ஜெர்மானியச் சிற்றரசான பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளருக்கு விற்றுவிடலாமா என்றுகூடப் பேரம் நடந்து முறிந்தது. இங்கே கோட்டைக்குள்ளோ ஆளுக்கு ஆள் சண்டை. ஒரு தலைவர் கடனை ஏற்றிவைத்தார். அவருக்குப் பதிலாக வந்த வில்லெம் லேயல் என்பவரைச் சொந்த ஆட்களே 1648இல் கலகம் செய்து இறக்கினார்கள். மிச்சமிருந்தவர்கள் காய்ச்சலிலும் வயதிலும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

1655இல் கோட்டையில் மிஞ்சியது ஒரே ஒரு டேனிஷ்காரர். பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. தளபதி எல்லாம் இல்லை, சாதாரணச் சிப்பாய். ஊருக்குத் திரும்பக் கப்பல் கிடையாது, சம்பளம் அனுப்ப ஆள் கிடையாது, வாடகை பாக்கி. என்ன செய்திருப்பீர்கள்? அந்த மனிதர் கொடியை இறக்கவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து, அந்தச் சரக்கை விற்றுச் சம்பளம் கொடுத்தார். நேராகச் சொன்னால் கடற்கொள்ளை. தஞ்சைப் படை வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். வேற்று நாட்டுக் கப்பல்களில் கடிதம் கொடுத்தனுப்பி உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்.

1669இல்தான் டென்மார்க் கப்பல் ஒன்று வந்து நங்கூரமிட்டது. வந்தவர்கள் கோட்டை இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது என்று தெரியாத நிலையில் பார்த்திருப்பார்கள். மேலே பறந்தது அவர்களுடைய சொந்தச் சிவப்பு வெள்ளைக் கொடி. பதினான்கு ஆண்டு தனியாளாகக் காத்தவரை முறைப்படி தலைவராக நியமித்தார்கள்.

கடற்காகம்:
இதைக் கோட்டையில் ஒரு பலகையிலாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா! ஆக, ஒரு சிப்பாயின் பிடிவாதம்தான் காரணமா?

வலைக்கயிறு:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போவேன். இன்று எழுதவேண்டும்போல் இருக்கிறது. ஒரு சிப்பாய் தனியாளாகக் கோட்டையைக் காத்தார் என்கிறீர்கள். ஐயாவே சொல்கிறார், உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் என்று. அப்படியானால் எப்படி அது தனியாள்? பீரங்கிக்கு மருந்து இடித்தவர் யார், மதிலுக்குச் செங்கல் சுமந்தவர் யார், பிடித்த கப்பலின் சரக்கைக் கரை சேர்த்தவர் யார்?

நான் மீனவக் குடும்பம். தரங்கம்பாடியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் அலை உடையும் இடத்துக்கு வெகுதூரம் அப்பாலேயே நின்றுவிடும். அங்கிருந்து ஒரு மிளகு மூட்டையும் ஒரு மனிதரும் கரைக்கு வரவேண்டுமென்றால் நம் கரையின் படகுதான் ஏற்றி வரவேண்டும். பலகைகளை ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு அது. அலை அடித்தால் வளைந்துகொடுக்கும், உடையாது. ஐரோப்பியர் கொண்டுவந்த படகு இங்கே அலையில் ஒருமுறை மோதினால் விறகுதான். ஆளுநரோ பாதிரியாரோ, எல்லோரும் நம் ஆட்கள் துடுப்பு போட்ட படகில் நனைந்துகொண்டு வந்தவர்கள்தான். படகுக்காரர் இரண்டு வாரம் வரமாட்டேன் என்றால் கோட்டையில் அடுப்பு எரிந்திருக்காது. பீரங்கியா வாடகையா என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காகம்:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. தலைப்பை மாற்ற இப்போது வழியில்லை.

பொறையாற்றான்:
தம்பி சொல்வது சரி. "தனியாள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

வெண்முகில்:
வலைக்கயிறு கதவைத் திறந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். டேனிஷ்காரரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சாதுவான காலனியர், அச்சுக்கூடம் கொடுத்தார்கள்" என்று ஒரு மென்மை வந்துவிடுகிறது. 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். 1707 மே மாதம் அவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேர் யார் தெரியுமா? ஊரில் இருந்த டேனிஷ் குடும்பங்களின் அடிமைகள். வீட்டு வேலைக்கு ஆள் என்று சுற்றிவளைத்துச் சொல்லவேண்டாம், அடிமைகள். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் இந்தக் கரையெங்கும் கப்பலேற்றப்பட்டார்கள். தரங்கம்பாடி அதற்கு விலக்கில்லை.

இன்னொன்று. அதே சீகன்பால்கைக் கோட்டைத் தளபதி ஹாசியஸ் 1708இல் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியாரை டென்மார்க் கோட்டையிலேயே அடைத்தார்கள்! கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். தமிழரோடு நெருங்கிப் பழகி நியாயம் கேட்கிற பாதிரியார் தொல்லை. ஆகவே அந்தக் கோட்டையின் கீழ்த்தளத்தைப் பார்க்கும்போது கிடங்கை மட்டும் பார்க்காதீர்கள், சிறையும் அங்கேதான்.

ஓலைச்சுவடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சுக்கூடத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கவும் மனமில்லை. 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகப்பட்டது விழுங்கியது. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள், காகிதமும் பொறையாற்றிலேயே செய்து பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பொறையாற்றில் இன்றும் ஓர் இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர், இல்லையா ஐயா?

பொறையாற்றான்:
ஆமாம். சின்ன வயதில் அது என்ன பட்டறை என்று யாரும் கேட்டதில்லை, பெயர்தானே என்று இருந்துவிட்டோம். கடுதாசிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன உறவு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

முத்திரைக்காசு:
இழையின் நடுவே என் பொழுதுபோக்கையும் நுழைக்கிறேன். பெரிய மழைக்கும் அலைச் சீற்றத்துக்கும் பிறகு தரங்கம்பாடிக் கரையில் டேனிஷ் காசு கிடைப்பது உண்டு. என் மேசையில் இப்போது ஒன்று இருக்கிறது. செம்பு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒருபக்கம் கிரீடம், அதன் கீழே 'சி' என்ற எழுத்தும் அதற்குள் 7 என்ற எண்ணும் பின்னியிருக்கும். ஏழாம் கிறிஸ்டியன், 1766 முதல் 1808 வரை மன்னர். மறுபக்கம் மதிப்பும் "காஸ்" என்ற சொல்லும். அது நம் காசு. கோபன்ஹேகன் மன்னரின் கிரீடத்துக்குப் பின்பக்கம் நம் சொல்லை அச்சடித்துக்கொண்டார்கள். வேறு வழி? சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருக்கு அவர்களுடைய நாணயத்தின் பெயரா தெரியும்?

ஏழாம் கிறிஸ்டியன் காலம்தான் ஊர் கொழித்த காலம். 1777இல் ஊர் கம்பெனியிடமிருந்து மன்னரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. உடனே அமெரிக்க விடுதலைப் போரையொட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் மோதிக்கொள்ள, டேனிஷ் கொடி மட்டும் நடுநிலை. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்களே இங்கே திரட்டிய பணத்தை டேனிஷ் கப்பல் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கடற்காகம் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். பெரிய அண்ணன்களுக்குச் சண்டை நேரத்தில் ஒரு பொதுத் திண்ணை தேவைப்பட்டது.

சுண்ணாம்புக்காரை:
கட்டடக்காரன் கண்ணோடு ஒரு குறிப்பு. மதில்மேல் நின்று ஊரைப் பாருங்கள். கோட்டைக்கும் வீடுகளுக்கும் நடுவே பெரிய வெட்டவெளி. இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அன்று அணிவகுப்புத் திடல். எதிரி மறைந்து வர இடம் கொடுக்காமல் பீரங்கிக்கு முன்னால் வெளியை விட்டுவைப்பது கோட்டை கட்டுபவர்களின் பழக்கம். அதைத் தாண்டி ராஜ வீதி. ஒரு பக்கம் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், கொஞ்சம் தள்ளி எதிரே 1718இல் முடித்த புதிய எருசலேம் ஆலயம். பின்னதன் முகப்பில் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முத்திரையும் ஆண்டும் இருக்கும். வீதியின் மறுகோடியில் 1792இல் திரும்பக் கட்டிய நகர வாசல். பஸ்ஸும் காரும் இன்றும் அதற்குள்தான் நுழைகின்றன.

கோட்டை செங்கல்லும் சுண்ணாம்பும். உப்புக்காற்று செங்கல்லை அரிப்பதைவிட, 'பழுது பார்க்கிறேன்' என்று சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது அதிகம் அரிக்கும். சிமெண்ட் மூச்சுவிடாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துச் செங்கல்லை மாவாக்கிவிடும். இதை நான் வேறோர் ஊரில் ஒரு பழைய வீட்டில் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். தரங்கம்பாடியில் சுண்ணாம்புக் காரையைப் பயன்படுத்தியே பல வீடுகளை மீட்டிருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

கடலை மட்டும் யாரும் நிறுத்த முடியவில்லை. மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியை அலை தின்றேவிட்டது. இப்போது கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

கடற்காகம்:
அப்படியென்றால் 1845இல் ஏன் விட்டுப்போனார்கள்? பீரங்கியால் போகவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

முத்திரைக்காசு:
கணக்குப் புத்தகத்தால் போனார்கள். 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தகர்த்தார்கள். நடுநிலை என்ற திண்ணை அன்றோடு இடிந்தது. 1808இல் தரங்கம்பாடி ஆங்கிலேயர் கையில், 1815இல்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குள் வியாபாரம் செத்துவிட்டது. இங்கிலாந்து ஆலைத்துணி வந்து இறங்கும் காலத்தில் சோழமண்டலத் துணியை யார் வாங்குவார்கள்? வரவைவிடச் செலவு கூடியது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

பொறையாற்றான்:
விற்ற பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும், ஊரின் இன்றைய முகம் அதில்தான் இருக்கிறது. முதல் பதினைந்து ஆண்டு நல்ல காலமே. தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமே தரங்கம்பாடிதான். 1860வாக்கில் கலெக்டர் தஞ்சாவூருக்குப் போனார். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இங்கே மாயவரத்திலிருந்து ரயில் வந்து சேர்ந்தது 1926இல். அதுவும் 1986இல் நின்றுபோனது. அந்த ரயிலில் நான் போயிருக்கிறேன். பொறையாற்றில் ஏறினால் தரங்கம்பாடி வருவதற்குள் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் தீராது.

ஊர் வளராமல் நின்றதால்தான் அந்த வீதிகள் அப்படியே கிடைத்தன. வளர்ந்திருந்தால் ராஜ வீதியில் இன்று மாடி மேல் மாடியாக வணிக வளாகம் நின்றிருக்கும். இதை எண்ணி மகிழ்வதா, வேலையில்லாமல் ஊரைவிட்டுப் போன எங்கள் பிள்ளைகளை எண்ணி வருந்துவதா என்று எனக்கு இதுவரை முடிவாகவில்லை.

வலைக்கயிறு:
2004 டிசம்பர் 26ஐ யாரும் குறிப்பிடவில்லை. செய்திகளில் "கோட்டை சுனாமியைத் தாங்கி நின்றது" என்று வியந்து எழுதினார்கள். கோட்டை தாங்கியது. அதற்கு வடக்கே இருந்த எங்கள் தெருக்கள் தாங்கவில்லை. பிறகு பல குடும்பங்களுக்குக் கரையைவிட்டு உள்ளே தள்ளிப் புது வீடு கிடைத்தது. வீடு நல்ல வீடுதான், படகு கண்ணில் படாது. என் தகப்பனார் இன்றும் விடியுமுன் எழுந்து கரைக்கு நடந்து போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார்.

கடற்காகம்:
மறுபடி வருகிறேன் அண்ணா. இந்தமுறை கோட்டையில் ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் வடக்கே நடப்பதற்கு. பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை வரலாம் என்று பார்க்கிறேன்.

வலைக்கயிறு:
வாருங்கள், அப்பாவைப் பார்த்துப் பேசலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டை அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். சனிக்கிழமை விடியற்காலையில் வந்தால் படகுகள் கரையேறுவதையும் பார்க்கலாம்.